மை ஊறாத தாள், மங்கலான கோடு

எங்க மேட்டாங்காட்டு வரப்புல நின்னு பாத்தா காகிதபுரம் ஆலையோட புகைபோக்கி தெரியும். கரூர் மாவட்டம், புகளூர் பக்கம் எங்க ஊரு. வாய்க்கால் பாயற வயல்ல கரும்பு, வாழை, வெத்தலைக் கொடிக்கால், கோரை. வாய்க்கால் ஏறாத மேட்டு நிலத்துக்குக் கிணத்துத் தண்ணி. அந்த ஆலையைத் தமிழ்நாடு அரசு 1979-ல தொடங்கினது. 1984-ல காகிதம் ஓட ஆரம்பிச்சது. மரத்தையும் மூங்கிலையும் மட்டும் நம்பாம, கரும்புச் சக்கையில இருந்து காகிதம் செய்யறதுதான் அதோட யோசனை.

ஒரு டன் கரும்பை ஆட்டினா சுமார் 300 கிலோ ஈரச் சக்கை விழும். சர்க்கரை ஆலைங்க அதைத் தங்களோட கொதிகலன்ல போட்டு எரிச்சுக்கிட்டு இருந்தாங்க. காகித ஆலை அவங்களுக்கு வேற எரிபொருளோ நீராவியோ கொடுத்துட்டு, பதிலுக்குச் சக்கையை வாங்கிக்குது. சக்கைக்குள்ள பஞ்சு மாதிரி இருக்கற சோத்தைப் பிரிச்சு எடுத்துட்டு, நாரை மட்டும் வேகவெச்சுக் கூழாக்கறாங்க. நீங்க சென்னையில ஜெராக்ஸ் எடுக்கற தாள்ல எங்க பக்கத்துக் கரும்பும் கொஞ்சம் இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, மைப்பேனாவுல எழுதறதுக்கு ஒரு நல்ல பேடு கிடைக்காம நான் ஒன்றரை வருசம் அலைஞ்சேன். நான் கேட்டது மூணே மூணுதான். மை ஊறக் கூடாது. கோடு இருக்கணும், ஆனா கண்ணை உறுத்தாம மங்கலா இருக்கணும். விலை நம்ம கைக்கு எட்டணும். இந்த மூணும் ஒண்ணா ஒரே நோட்டுல அமையறது, மழையும் விலையும் ஒரே வருசத்துல அமையற மாதிரி.

விவசாயிக்கு எதுக்குங்க மைப்பேனான்னு கேப்பீங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

முப்பது வருசம் கொடுவாளும் மம்முட்டியும் பிடிச்ச கை. வலது கட்டைவிரல் அடிமூட்டு தேஞ்சு போச்சு. கரூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பாத்துட்டு, "அழுத்திப் பிடிக்கற வேலையைக் குறைச்சுக்கங்க"ன்னார். தோட்டத்துல எந்த வேலைங்க அழுத்திப் பிடிக்காத வேலை? குறைக்க முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு, பால்பாயின்ட் பேனா. பால் பேனா எழுதணும்னா அதோட நுனியில இருக்கற குண்டு உருளணும். குண்டு உருளணும்னா அழுத்தணும். மைப்பேனாவுக்கு அது வேண்டாம். நிப்பு தாளைத் தொட்டாப் போதும், மை தானா இறங்கும். மகளோட பள்ளிக்கூடப் பேனா ஒண்ணு மேஜை டிராயர்ல கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, மை ஊத்தி எழுதிப் பாத்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதியும் விரல் வலிக்கலை.

தினமும் ராத்திரி நான் எழுதறது பெரிய இலக்கியம் எதுவும் இல்லை. யார் யார் வேலைக்கு வந்தாங்க, கூலி எவ்வளவு, வாய்க்கால் முறைத் தண்ணி எந்த நாள் வந்தது, மழைமானியில எத்தனை மில்லிமீட்டர், வெத்தலை எத்தனை கவுளி போச்சு, கிணத்துல தண்ணி எங்கே நிக்குது. எங்க அப்பா எழுதினார், அவருக்குப் பின்னால நான் எழுதறேன். "ஃபோன்ல போட்டுக்கலாமேப்பா"ன்னு மகள் சொல்லும். போடலாம்தான். ஆனா மூணு ஃபோன் மாத்தியாச்சு, முதல் ஃபோன்ல இருந்த படங்கள் இன்னைக்கு எங்கே இருக்குன்னு தெரியாது. அப்பாவோட 1974-ஆம் வருசப் பேரேட்டை இப்பவும் சார்ஜ் போடாமத் திறக்கலாம்.

இந்தக் கணக்கு எழுத்துல வாழ்வா சாவான்னு ஒண்ணும் இல்லைன்னு நெனைப்பீங்க. எங்க வீட்டுல நடந்த ஒண்ணைச் சொல்றேன்.

மேட்டாங்காட்டுக் கிணத்துத் தண்ணியை அப்பா கயிறு விட்டு அளப்பார். முழத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு தமிழ் மாசம் முதல் தேதியும் எத்தனை முழம் கயிறு உள்ளே போச்சுன்னு எழுதுவார். வருசத்துக்கு ஒரு பக்கம். 2016-ல வடகிழக்குப் பருவமழை மொத்தமாப் பொய்த்தது ஞாபகம் இருக்கும். வழக்கமா வரவேண்டியதுல பாதிகூட வரலை. அதுக்கு அடுத்த 2017, எங்க கிணறு கண்ட மோசமான வருசம். 2018 ஆடியில மேட்டூர் நிரம்பி, காவேரி ரெண்டு கரையும் முட்டிப் போச்சு. அப்பா நோட்டுல 2017 ஒரு தாளோட முன்பக்கம். 2018 அதே தாளோட பின்பக்கம்.

மூணு வருசத்துக்கு முன்னால மேட்டாங்காட்டுல ரெண்டு ஏக்கர் புதுக்கரும்பு வைக்கலாமான்னு ஒரு யோசனை. கரும்பு வெச்சா வருசம் பூரா தண்ணி கொடுக்கணும், நடுவுல விட முடியாது. மழை பொய்த்தா கிணறு எதுவரைக்கும் இறங்கும்ங்கறது தெரியணும். அந்த விவரம் இருக்கற ஒரே இடம் 2017 பக்கம். எடுத்துப் பாத்தா, அப்பா மைப்பேனாவுல எழுதின மை தாள்ல ஊறி, முன்பக்க எண் பின்பக்கமும், பின்பக்க எண் முன்பக்கமும் வந்து கலந்து நிக்குது. வைகாசிக்கு நேரா இருக்கறது 13-ஆ, 18-ஆ? வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், கண்ணாடி வெச்சுப் பாத்தேன். பதின்மூணு முழம்னா மோட்டார் குழாய்க்கு எட்டும். பதினெட்டுன்னா எட்டாது. நடுவுல அஞ்சு முழம், ஏழரை அடி. கேக்கறதுக்கு அப்பாவும் இல்லை, 2019-ல தவறிட்டார். கடைசியில அரை ஏக்கர் மட்டும் கரும்பு வெச்சு, மிச்சத்துக்குச் சோளமும் எள்ளும் போட்டேன்.

ஒரு நோட்டுத் தாள் மை வாங்கினதால ஒன்றரை ஏக்கர் வெள்ளாமை மாறிப் போச்சு. அன்னைக்குத்தான் பேப்பர் விசயத்தை ஒழுங்காப் பாக்கணும்னு தோணுச்சு.

முதல்ல கடைகள்ல கிடைக்கறதை எல்லாம் வாங்கிப் பாத்தேன். வேலாயுதம்பாளையம், கரூர், ஈரோடுன்னு போற இடத்துல எல்லாம் ஒரு நோட்டு. குயர் நோட்டு, லாங் சைஸ் நோட்டு, அட்டை போட்ட டைரி, சுருள் கம்பி போட்ட பேடு. அட்டையில கோபுரம் இருந்தாலும் சரி, கார் படம் இருந்தாலும் சரி, உள்ளே ஏறக்குறைய ஒரே கதை. எழுத்தோட ஓரத்துல பூரான் கால் மாதிரி மை கிளை விடும். தாளைத் திருப்பினா எழுதினது எல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி தெரியும். 200 பக்கம்னு காசு கொடுத்து வாங்கின நோட்டுல நான் எழுத முடிஞ்சது 100 பக்கம். பாதி விலைக்கு வாங்கினாலும் அது முழு விலைதான்.

ஏன் இப்படின்னு தேடிப் படிச்சேன். விசயம் ரொம்ப எளிசு. காகிதம்ங்கறது நாரை நெருக்கிப் போட்ட பாய். நார்களுக்கு நடுவுல மெல்லிசான சந்து இருக்கும். மைப்பேனா மை பெரும்பாலும் தண்ணி, அதுல கரைச்ச சாயம். தண்ணி சந்துல ஏறத்தான் செய்யும், விளக்குத் திரியில எண்ணெய் ஏறற மாதிரி. அதைத் தடுக்கத்தான் காகிதத்துக்குப் பசை கொடுக்கறாங்க. ஆலையில அதுக்கு சைஸிங்னு பேரு. நம்ம பாஷையில சொன்னா கஞ்சி போடறது. கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின வேட்டியில தண்ணி தெளிச்சா கொஞ்ச நேரம் முத்து முத்தா நிக்கும். கஞ்சி போகத் துவைச்ச வேட்டியில பட்டவுடனே பரவிடும். காகிதமும் அப்படியே.

கூழோட கலக்கற பசை ஒண்ணு, காகிதம் ஆனதுக்கப்புறம் மேலே பூசற பசை ஒண்ணு. அந்தக் காலத்துல கூழ்ல பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் போட்டாங்க. மை நல்லா நிக்கும், ஆனா படிகாரத்தோட புளிப்பு வருசக்கணக்குல காகிதத்தை அரிச்சு, பழுப்பாக்கி, அப்பளம் மாதிரி நொறுங்க வெச்சிடும். பழைய புஸ்தகங்கள்ல பாத்திருப்பீங்க. இப்போ அதுக்கு வேற ரசாயனம் வந்தாச்சு. மேல்பூச்சுக்கு ஸ்டார்ச், அதாவது மாவுக் கஞ்சி. ஆத்துக்கு அந்தப் பக்கம் நாமக்கல், சேலம் மாவட்டங்கள்ல விளையற மரவள்ளிக் கிழங்கு மாவும் இந்த வேலைக்குப் போகுது. கரும்பு நாரு, கிழங்குக் கஞ்சி. ரெண்டுமே நம்ம சம்சாரி சரக்குதான் பாருங்க.

சரி, அப்போ ஏன் நோட்டுல கஞ்சி குறைஞ்சு போச்சு? அப்பாவோட 1974 பேரேட்டை எடுத்துப் பாத்தேன். சிவப்புத் துணி அட்டை, நீட்டுவாக்குல இருக்கும். லேசா நீலம் ஓடின லெட்ஜர் காகிதம். கோடு இருக்கா இல்லையான்னு தேடணும், அவ்வளவு மங்கல். ரெண்டு பக்கமும் எழுதியிருக்கார். ஓரம் பழுப்பேறிடுச்சு, மடிச்சா முறியும், ஆனா ஒரு எழுத்துகூட ஊறலை. அது ஒண்ணும் பணக்கார நோட்டு இல்லை, மளிகைக் கடைக்காரங்க எல்லாம் வெச்சிருந்த சாதாரணப் பேரேடுதான். அந்தக் காலத்துல எல்லாரும் மையில எழுதினாங்க. மை ஊறுச்சுன்னா அடுத்த தடவை அந்தக் கடையில வாங்க மாட்டாங்க. 80-கள்ல பால் பேனா ஊருக்குள்ள வந்தது. அதோட மை எண்ணெய்ப் பசை, தாளுக்குள்ள அவ்வளவா இறங்காது. எப்பேர்ப்பட்ட தாள்லயும் எழுதிடலாம். கஞ்சி குறைஞ்சாலும் குறை சொல்ல ஆள் இல்லை. பேனா மாறினதும் காகிதமும் அதுக்குத் தகுந்த மாதிரி மாறிடுச்சு. பழைய பேனாவோட நிக்கற என்னைப் போல ஆளுங்களும், அஞ்சாவது ஆறாவதுல "இங்க் பேனாதான் கொண்டு வரணும்"னு சொல்லப்படற புள்ளைங்களும்தான் நடுவுல மாட்டிக்கிட்டோம்.

கடைக்காரங்க கிட்ட கேட்டா எல்லாரும் சொல்ற ஒரு வார்த்தை, ஜிஎஸ்எம். "இது 70 ஜிஎஸ்எம்ங்க, ஊறவே ஊறாது." ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் காகிதத்தோட எடை, கிராம் கணக்குல. வேற ஒண்ணும் இல்லை. பதினாறு ஏ4 தாள் சேந்தா ஒரு சதுர மீட்டர். அதனால 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒண்ணு 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரை கிலோ. வெத்தலை நிறுக்கற தராசுலயே சரிபாத்துக்கலாம். பள்ளிக்கூட நோட்டு பெரும்பாலும் 54-லேர்ந்து 60-க்குள்ள இருக்கும். ஆனா எடை வேற, கஞ்சி வேற. ஜப்பான்ல டோமோயே ரிவர்னு ஒரு காகிதம், 52 ஜிஎஸ்எம்தான், வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். மை ஊறாததுக்கே உலகம் பூரா பேர் வாங்கினது. 100 ஜிஎஸ்எம்ல மொத்தமா இருந்தும் மையைக் குடிக்கற தாளும் உண்டு. குண்டா இருக்கற மாடு எல்லாம் கறவை மாடு ஆகிடுமா?

அடுத்தது கோடு. நகரத்துல இருக்கற நண்பர்கள் இதைத்தான் அதிசயமாக் கேக்கறாங்க, "கோடு மங்கலா இருந்தா என்ன, அழுத்தமா இருந்தா என்ன?" தமிழ்ல எழுதிப் பாருங்க, தெரியும். நம்ம எழுத்துக்கு மேலயும் ஆள் உண்டு, கீழயும் ஆள் உண்டு. மேலே புள்ளி, இகரச் சுழி, ஈகாரச் சுழி. கீழே உகரம், ஊகாரத்தோட வால். நெருக்கமா, அழுத்தமாக் கோடு போட்ட நோட்டுல, மேல்கோட்டுல போய் உக்காந்த புள்ளி காணாமப் போயிடும். கணக்குல இது இன்னும் மோசம். 2.5-ங்கறதுல இருக்கற புள்ளி கோட்டு மேல விழுந்தா 25 ஆகிடும். ரெண்டரை மூட்டை உரம் இருபத்தஞ்சு மூட்டை ஆனா நிலம் தாங்குமா, கடன் தாங்குமா?

அப்போ கோடே போடாத தாள்ல எழுதலாமேன்னா, ராத்திரி எட்டு மணிக்கு, அலுத்த கையோட, அம்பத்தஞ்சு வயசுக் கண்ணோட எழுதினா வரி மேல ஏறிக்கிட்டே போகுது. புதுசா ஏர் பிடிச்சவன் ஓட்டின சால் மாதிரி. கொஞ்ச நாள், கறுப்பா அழுத்தமாக் கோடு போட்ட ஒரு தாளை அடியில வெச்சு, மேலே வெறுந்தாளை வெச்சு எழுதினேன். மெல்லிசு தாளுக்கு இது நல்ல உபாயம். 80 ஜிஎஸ்எம்ல அடிக்கோடு பாதிதான் தெரியுது. காத்து அடிச்சா ரெண்டும் ரெண்டு பக்கம் போகுது.

என் அவஸ்தையைப் பாத்து மகள் பெங்களூர்ல இருந்து ஒரு பேடு வாங்கி அனுப்புச்சு. ரோடியான்னு பேரு, பிரான்ஸ் நாட்டுச் சரக்கு, ஆரஞ்சு நிற அட்டை. 80 ஜிஎஸ்எம் தாள், ஊதா நிறத்துல மெல்லிசுக் கோடு. எழுதினா நிப்பு வெண்ணெய்ல போற மாதிரி போகுது, மை அச்சடிச்ச மாதிரி நிக்குது. வழுவழுப்பா இருக்கறதால மை காய மட்டும் கொஞ்சம் நேரம் ஆகும், கை பட்டா இழுத்துடும். விலையைக் கேட்டேன். சொல்ல மாட்டேன்னுச்சு. அட்டைக்குப் பின்னாடி ஒட்டியிருந்ததைப் பாத்தா, கையகலப் பேடு பல நூறு ரூபாய். வீட்டுக்காரம்மா பாத்துட்டு, "ஏனுங்க, இதுல கூலிக் கணக்கு எழுதினா கூலியை விட தாளு காசு அதிகமாயிரும் போல"ன்னாங்க. நியாயமான பேச்சு. அந்தப் பேடை இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன், அளவுகோல் மாதிரி. எப்படி இருக்கணும்னு தெரியறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா?

கடையில இல்லைன்னா செய்ய வைக்க வேண்டியதுதான். பக்கத்து ஊர்ல ஒரு அச்சகம். சின்ன ஆஃப்செட் மெஷின் ஒண்ணு, கட்டிங் மெஷின் ஒண்ணு. கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, கும்பாபிஷேக நோட்டீஸ். அங்கே போனேன்.

"வாங்கண்ணா, பத்திரிகைங்களா?"

"இல்ல தம்பி, வெறுங்கோடு அடிக்கணும்."

"வெறுங்கோடுங்களா? பேரு, அட்ரஸ், சாமி படம் எதுவும் வேண்டாமுங்களா?"

"எதுவும் வேண்டாம். கோடுகூட இருக்கறது தெரியக் கூடாது."

என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். அப்புறம் விவரம் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துடுச்சு. அவங்க அப்பா காலத்துல ரூலிங் மெஷின் வெச்சிருந்தாங்களாம். வரிசையா மை தொட்ட பேனாக்களுக்கு அடியில தாள் ஓடும், தண்ணி மையில மங்கலாக் கோடு விழும். அந்த மெஷினை எப்பவோ எடைக்குப் போட்டாச்சு.

நான் முதல்ல கேட்டது, "கறுப்பையே பத்து சதவீதம் டின்ட் வெச்சு அடிச்சா மங்கலா வருமே?" அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு நோட்டீஸ்ல காட்டினார். டின்ட்ங்கறது சின்னச் சின்னப் புள்ளிகளாம். பெரிய கட்டத்துக்கு அது சரி, முடி மாதிரி மெல்லிசுக் கோட்டை டின்ட்ல அடிச்சா கோடு அறுந்து அறுந்து எறும்பு வரிசையா நிக்கும். "மையையே வெளுக்கணுமுங்கண்ணா. வெள்ளையில துளி நீலம், துளி கறுப்பு போட்டுக் கலக்கிக்கலாம்." மூணு மாதிரி கலந்து அடிச்சுக் காட்டினார். ஒண்ணு பகல்ல நல்லா இருந்தது, ராத்திரி டியூப்லைட்டுல சுத்தமாத் தெரியலை. ஒண்ணு அழுத்தம் அதிகம். நடுவுல இருந்ததை எடுத்துக்கிட்டோம், மழை வர்றதுக்கு முந்தின வானம் மாதிரி ஒரு சாம்பல் நீலம். கோட்டுக்குக் கோடு 9 மில்லிமீட்டர். நம்ம புள்ளிக்கும் வாலுக்கும் அந்த இடம் வேணும். மார்ஜின் கோடு வேண்டாம்னுட்டேன்.

அடுத்தது தாள். அச்சகத்துல கிடந்த துண்டுத் தாள்ல எல்லாம் ஒவ்வொண்ணு வாங்கிக்கிட்டேன். தொழில்ல இதுக்கு எல்லாம் தனித்தனிப் பேரு இருக்கு. கிரீம்வோவ்ங்கறது மலிவான நோட்டுக் காகிதம், மேல்கஞ்சி கிடையாது. மேப்லித்தோங்கறது புஸ்தகம் அச்சடிக்கறது, மேல்கஞ்சி உண்டு. அப்புறம் ஜெராக்ஸ் காகிதம், லெட்ஜர், பாண்டு. ஒவ்வொரு தாள்லயும் ஒரே பேனா, ஒரே மை. "கிணறு, ஞாயிறு, கூலி"ன்னு எழுதினேன். குறுக்கும் நெடுக்கும் பத்துக் கோடு கிழிச்சேன். ஒரு இடத்துல நிப்பை எடுக்காம பத்து எண்ணற வரைக்கும் வெச்சேன். ராத்திரி பூரா விட்டுட்டு, காலையில திருப்பிப் பாத்தேன். ரெண்டு பக்கத்துலயும் எழுதிப் பாக்கணும், ஏன்னா ஆலையில கம்பி வலை மேல படுத்த பக்கம் ஒரு மாதிரி, மேல்பக்கம் ஒரு மாதிரி இருக்கும்.

கிரீம்வோவ் முதல் சுத்துலயே போச்சு. ஜெராக்ஸ் தாள்ல ஒண்ணு சுமார், ஒண்ணு மோசம். பாண்டு பிரமாதம், விலையும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஒண்ணு, பாண்டுக்கு அடுத்தபடியா நின்னுது. நிப்பு நின்ன இடத்துல மட்டும் பின்பக்கம் ஒரு சின்னப் புள்ளி, மத்தபடி சுத்தம். எந்த ஆலை தம்பின்னு கேட்டேன். கட்டு மேல சுத்தியிருந்த காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். காகிதபுரம்.

ஒரு ரீமுக்காக மெஷினைக் கழுவி, மை கலந்து, பிளேட் போட்டா கட்டுப்படியாகாது. அதனால கூட்டு சேத்தேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மா, வெத்தலை மண்டிக் கணக்குப்பிள்ளை, ஆறாவது படிக்கற பேத்திக்காக எங்க அண்ணன். நாலு பேருக்கு நாலு ரீம் ஏ4. ரெண்டு பக்கமும் கோடு அடிச்சு, ஒரு நாள் காயவிட்டு, நடுவுல வெட்டினா 4,000 ஏ5 தாள். அம்பது தாளுக்கு ஒரு பேடு, அடியில அட்டை, தலையில பசை. மொத்தம் 80 பேடு.

கணக்கு இதுதான். தாள் ரீம் 290 வீதம் 1,160. பிளேட் 300. அச்சுக்கூலி 700. அட்டை, பசை, வெட்டுக்கூலி பேடுக்கு 8 வீதம் 640. ஆக 2,800 ரூபாய். பேடு ஒண்ணு 35 ரூபாய், நூறு பக்கம், நூறும் எழுதலாம். பக்கத்துக்கு 35 காசு.

டீச்சரம்மா வாங்கின இருபதுல எட்டைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கே கொடுத்துட்டாங்க. நோட்டுல மை ஊறுதுன்னு ரெண்டாம் பக்கம் எழுதாம விட்டு, அதுக்கு வீட்டுல திட்டு வாங்கற புள்ளைங்களாம். கணக்குப்பிள்ளை மைப்பேனா தொடறதே இல்லை. கோடு மங்கலா இருக்கறதுக்காகவே வாங்கினவர், கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குன்னார். அண்ணன் பேத்தி மட்டும், "தாத்தா, கோடே காணோம்"னு முகத்தைச் சுளிச்சுது. சின்னக் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேணும்போல. அடுத்த தடவை அதுக்கு வேற கலவை போடணும்.

நகரத்துல இருக்கற உங்களுக்கு இது இன்னும் சுலபம். சென்னையில பாரிமுனை பக்கம், கோயம்புத்தூர், மதுரைன்னு எங்கேயும் காகித மொத்தக் கடைங்க இருக்கு. நோட்டாப் பாக்காம, தாளாப் பாருங்க. பேனாவை எடுத்துக்கிட்டுப் போய், ஒரு தாள்ல எழுதிப் பாக்கறேன்னு கேளுங்க, பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. பிடிச்சதுன்னா அதே கட்டுல இருந்து மொத்தமா வாங்கிடுங்க. ஒரே பேரு, ஒரே ஆலையா இருந்தாலும் அடுத்த சரக்கு கொஞ்சம் மாறலாம், அதனால ஒவ்வொரு தடவையும் சோதிக்கணும். வீட்டு லேசர் பிரின்டர்ல கோடு அடிச்சுக்கலாம்னு தோணும். அதுல விழறது பிளாஸ்டிக் பொடி, மை அதுமேல ஒட்டாது. கோட்டைத் தாண்டற இடத்துல எழுத்து அறுந்து போகும். முடி மாதிரி மெல்லிசா, வெளிர் சாம்பல்ல அடிச்சா ஓரளவு தப்பிக்கலாம்.

தாளை மட்டும் குறை சொல்லாம பேனாவையும் பாருங்க. அதே தாள்ல மெல்லிசு நிப்பு குறைவா மை விடும், பட்டை நிப்பு கொட்டும். மழைக்காலத்துல தாளே ஈரம் வாங்கியிருக்கும், அப்போ ஊறறது அதிகம். நான் பேடுகளை அரிசி டிரம்முக்குப் பக்கத்துல, மூடி போட்ட டின்ல வெச்சிருக்கேன். உள்ளங்கைக்கு அடியில ஒரு துண்டுத் தாளை வெச்சுக்கங்க. வேர்வையும் எண்ணெயும் பட்ட இடத்துல மை பிடிக்காது, கடலை உரிச்ச கையா இருந்தா கேக்கவே வேண்டாம். ராயல் ப்ளூ மை பாக்க அழகு, ஆனா தண்ணி பட்டா ஓடிடும், வெயில்ல வெளுத்துடும். காதல் கடிதத்துக்கு அது போதும். நில அளவு, பணக் கணக்குக்கு எல்லாம் பர்மனென்ட்னு போட்ட நீலக் கறுப்போ கறுப்போ வாங்குங்க. அதை ஊத்தின பேனாவை மட்டும் மாசம் ஒரு தடவை கழுவிடணும், இல்லைன்னா அடைச்சுக்கும்.

இப்போ ராத்திரியில, அன்னன்னைக்குக் கணக்கு முடிஞ்சதும், அப்பாவோட கிணத்து நோட்டை ஒரு பேடுல பெயர்த்து எழுதிக்கிட்டு இருக்கேன். பழைய பேரேட்டுல இருக்கற வருசங்கள் எல்லாம் தெளிவா இருக்கு, வேகமாப் போகுது. 90-களுக்கு அப்புறம் சாதாரண நோட்டுக்கு மாறினதுல இருந்துதான் கஷ்டம். ஒரு பக்கத்தைப் படிக்க, அதோட மறுபக்கத்தையும் தெரிஞ்சுக்கணும். மறுபக்கத்துல இன்னது எழுதியிருக்குன்னு தெரிஞ்சா, அதைக் கழிச்சுட்டு முன்பக்கத்தைப் பாக்கலாம். இப்படிக் கழிச்சுக் கழிச்சு 2017-ல பத்து மாசம் தேத்திட்டேன். ஐப்பசி 16 முழம், கார்த்திகை 15. வைகாசியும் ஆனியும் மட்டும் இன்னும் பிடிபடலை. அந்த ரெண்டு வரியையும் காலியா விட்டு வெச்சிருக்கேன். பங்காளி வீட்டுலயும் அதே வருசம் கிணறு அளந்திருக்காங்க, அவங்க நோட்டு பரண் மேல எங்கேயோ இருக்காம். தை முடிஞ்சு கரும்பு வெட்டு ஓய்ஞ்சதும் ஏறித் தேடணும்.